கத்திரி வெயிலில் ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறீர்களா?

போன வருஷம் ஏப்ரலில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைப் பாழாக்கினேன். முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கரை ஏறினேன். கானல் ஆடிய ஆட்டத்தில் தூரத்தில் தெரிந்தது கொக்கா, முள்ளில் மாட்டிய பாலிதீன் பையா என்றே பிடிபடவில்லை. அடுத்த ஞாயிறு, செல்போன் வரைபடத்தில் நீலமாகத் தெரிந்த ஏரிக்குப் போனேன். ஏரி நடுவில் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஞாயிறு தண்ணீரும் இருந்தது, பறவையும் இருந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமே என்று இறங்கி, முழங்கால் வரை சேற்றில் மாட்டி, ஒரு செருப்பை ஏரிக்கே கொடுத்துவிட்டு வந்தேன்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் இதையெல்லாம் மறுபடி படவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

"கோடையில் ஏரியில் என்ன இருக்கும், டிசம்பரில் போ" என்று எல்லோரும் சொல்வார்கள். வலசை வந்த ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் புதிதாகக் கற்கிறவருக்கு அதுவே வசதி. டிசம்பரில் பழுப்பு நிறத்தில் பத்து வகை உள்ளான்கள் ஒரே சேற்றில் ஓடினால் முதல் நாளே வெறுத்துப்போகும். கோடையில் மிஞ்சுவது நம்ம ஊர்ப் பறவைகள். அவற்றில் பலவும் அப்போது இனப்பெருக்கக் கோலத்தில் பளிச்சென்று இருக்கும். தண்ணீர் சுருங்கிக் குட்டையாகிவிடுவதால், ஏரி முழுக்கச் சிதறிக் கிடந்தவை எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிடும். உட்கார்ந்த இடத்திலிருந்தே இருபது இனம் பார்க்கலாம்.

1. நேரம்: காலை எட்டரைக்குக் கரையை விட்டு இறங்கிவிடுங்கள்

மே மாதம் வேலூரில் ஆறு மணிக்குக் கால் மணி நேரம் முன்பே சூரியன் வந்துவிடும். நீங்கள் ஐந்தரைக்குக் கரையில் இருக்க வேண்டும். ஐந்தரை முதல் எட்டு வரைதான் உண்மையான நேரம். எட்டரைக்கு மேல் தண்ணீர்ப் பரப்பின்மேல் சூடான காற்று நெளியத் தொடங்கிவிடும்; எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பைனாகுலரும் அதை மீறிப் பார்க்காது. மாலை என்றால் ஐந்து முதல் ஆறரை. மாலையில் இரவு தங்கும் மரத்துக்குத் திரும்பும் கொக்குக் கூட்டம் கிடைக்கும், ஆனால் கோடை மழைக்கு இடி கட்டுவதும் அந்த நேரம்தான். ஏரிக்கரை என்பது வெட்டவெளியில் ஒரு மேடு. மேற்கே கருத்தால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்விடுங்கள்.

மாதம் என்று கேட்டால் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை. மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தில் பகல் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. அந்த நாட்களில் மாலைப் பயணத்தை விட்டுவிட்டுக் காலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. போவதற்கு முன்பே தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்

கூகுள் வரைபடத்தில் ஏரி எப்போதும் நீலமாகத்தான் இருக்கும். அது ஏரியின் எல்லையைச் சொல்கிறது, தண்ணீரை அல்ல. செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றிப் பார்த்தாலும் அது எந்த வருஷத்துப் படமோ.

நான் கண்ட வழி, கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற ஐரோப்பிய இணையதளம். காசு கிடையாது. சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கும் படம் அதில் தேதியோடு இருக்கும். வேலூரைத் தேடி, மேகமில்லாத கடைசித் தேதியைத் தேர்ந்தெடுத்தால், எந்த ஏரியில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது என்று கரும்பட்டையாகத் தெரியும். பச்சையாகத் தெரிவதைத் தண்ணீர் என்று நினைக்காதீர்கள்; அது ஆகாயத்தாமரையாகவோ காட்டாமணக்காகவோ இருக்கும். முதல் முறை பழக அரை மணி நேரம் ஆகும், பிறகு இரண்டு நிமிஷ வேலை.

அப்புறம், ஏரிக்கரை டீக்கடை. கடைக்காரர் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் செயற்கைக்கோளே தேவையில்லை. "மீன் பிடிக்கிறாங்களா?" என்றும் கேளுங்கள். மீன் குத்தகைக்காரர்கள் கடைசித் தண்ணீரில் வலை இழுக்கும் வாரத்தில் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை எல்லாம் எங்கிருந்தோ வந்து இறங்கும். அந்த வாரம் லீவு போட்டாவது போகலாம். ஆனால் பறவையை விரட்ட வெடி போடுகிற ஏரியும் உண்டு. அங்கே போய்ப் பிரயோசனமில்லை.

3. எந்த ஏரி?

முதல் இரண்டு வாரம் ஏரிக்கே போகாதீர்கள். வேலூர்க் கோட்டை அகழியைச் சுற்றி நடங்கள். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைப்பதும், மடையான் கொக்கு அசையாமல் நிற்பதும், வெண்மார்பு மீன்கொத்தி சீறிப் பாய்வதும் பத்தடி தூரத்தில் தெரியும். பைனாகுலரைக் கண்ணில் வைத்தவுடன் பறவையைப் பிடிக்கும் பழக்கம் வருவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. செலவு டவுன் பஸ் டிக்கெட் மட்டும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அதுவும் இல்லை.

அடுத்தது சதுப்பேரி. பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. கரையோரம் குப்பை நாற்றம் அடிக்கும் நாளும் உண்டு, புகை மூட்டத்தில் திரும்பி வந்த நாளும் உண்டு. ஆனாலும் நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு பெரிய ஏரி வேறு இல்லை.

கொஞ்சம் கை தேறியதும் காவேரிப்பாக்கம். வேலூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சுமார். வாலாஜாப்பேட்டை தாண்டி காஞ்சிபுரம் போகும் வழியில். பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வாங்கும் ஏரி, தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று. பெரிசு என்பதே அதில் சிக்கல். தண்ணீர் எந்த மூலையில் என்று தெரியாமல் போனால் கரை நடந்தே காலை முடிந்துவிடும். இரண்டாவது படியைச் செய்யாமல் அங்கே போகவே வேண்டாம்.

உங்கள் ஊர் ஏரியில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதுவே மேல். தினமும் போகலாம் இல்லையா.

4. பைனாகுலர்: 8×42, அவ்வளவுதான்

கடையில் 20×50 என்றும், 10 முதல் 70 வரை ஜூம் என்றும் காட்டி ஆசை காட்டுவார்கள். நான் ஏமாந்தது இதில்தான். உருவம் பெரிதாகப் பெரிதாகக் கை நடுக்கமும் பெரிதாகும், கானலும் பெரிதாகும். 8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். விடியற்காலை மங்கல் வெளிச்சத்துக்கு அந்த அகலம் வேண்டும். 8×40 ஆனாலும் சரி.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் வாங்கும் முன் கண்வளையத்தை மடித்துவிட்டு, கண்ணாடியோடே பாருங்கள். வட்டம் முழுசாகத் தெரியாமல் ஓரத்தில் கருப்பு தட்டினால் அது உங்களுக்கானது அல்ல.

நான் கடைசியில் வாங்கியது ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதற்கு முன் ஜூம் வகைக்குப் போட்ட ஆயிரத்து எண்ணூறு வீண். இரண்டாயிரத்துக்குள் கிடைப்பதை வாங்குவதைவிட, மூன்று மாதம் வெறுங்கண்ணால் பார்த்துக் காசு சேர்க்கலாம். கேமரா இப்போது வேண்டவே வேண்டாம். கேமரா கையில் இருந்தால் படம் எடுப்பீர்கள், பறவையைப் பார்க்கமாட்டீர்கள்.

5. அனுமதி, காகிதங்கள்

ஏரிக்கரையில் நடந்து கொக்கு பார்க்க நான் இதுவரை அனுமதிச் சீட்டு எதுவும் எடுத்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை. இது தெரியாமல் ஓர் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து, அவர்கள் இன்னொரு அலுவலகத்தைக் காட்ட, அங்கே "இது எங்க ஏரியே இல்லை" என்று சொல்ல, அரை நாள் லீவு போனது. பொதுவாக, 40 ஹெக்டேருக்கு மேல் பாசனப் பரப்பு உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. இது புகார் கொடுக்க உதவும், பறவை பார்க்க அல்ல. 2019-இல் மாவட்டம் பிரிந்ததையும் நினைவில் வையுங்கள்: காவேரிப்பாக்கம் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம்.

அனுமதி கட்டாயம் வேண்டியது காப்புக்காட்டுக்கு. குடியாத்தம் தாண்டி மோர்தானா அணைப் பக்கம் போகிறவர்கள் சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், அதோடு ஆந்திரப் பக்கத்துக் காட்டிலிருந்து யானை வரும் பகுதி அது. உள்ளே போகத்தான் வேண்டும் என்றால் மாவட்ட வன அலுவலருக்குக் கடிதம், ஆதார் நகல், வருகிறவர்கள் பெயர்ப் பட்டியல், வண்டி எண் ஆகியவற்றைக் குறைந்தது ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கூடவே ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏரிக்கும் ஆதார் நகலோ கல்லூரி அடையாள அட்டையோ பையில் இருக்கட்டும். கேட்பது பெரும்பாலும் அதிகாரி இல்லை, ஊர்க்காரர். கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு என்று விடியற்காலையில் கரையில் நின்றால் நிலம் எடுக்க அளக்க வந்தவன் என்றுதான் தோன்றும். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்:

"இன்னா தம்பி, ஏரிய அளக்க வந்தியா?"

"இல்ல தாத்தா, கொக்கு பாக்க வந்தேன்."

"கொக்கயா? அத்தப் பாக்க இன்னாத்துக்கு இம்மாம் பெரிய கண்ணாடி?"

பைனாகுலரை அவர் கையில் கொடுத்தேன். பத்து நிமிஷம் திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து அந்த ஏரியில் எந்தப் பக்கம் எது உட்காரும் என்று அவரே சொல்கிறார். யாராவது சந்தேகமாகக் கேட்டால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், கண்ணாடியைக் கொடுத்துவிடுங்கள்.

டிரோன் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். கூட்டில் இருக்கும் பறவையை அது கிளப்பிவிடும். அப்துல்லாபுரத்தில் விமான ஓடுதளம் இருப்பதால் சதுப்பேரிப் பக்கம் அது தேவையில்லாத வம்பும்கூட.

6. பையில் என்ன

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். விளிம்பு அகலமான தொப்பி. மண் நிறத்தில் முழுக்கைச் சட்டை, வெள்ளை வேண்டாம். செருப்பு இல்லாமல் ஷூ, ஏனென்றால் கரை முழுக்கச் சீமைக் கருவேல முள். வண்டியைக் கரைமேல் ஏற்றாதீர்கள். பஞ்சர் ஒட்ட காலை ஆறு மணிக்கு யாரும் கடை திறக்கமாட்டார்கள்.

தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு வந்தால் அன்றைய பறவை பார்த்தல் முடிந்தது. நிழலுக்குப் போய் உப்பு-சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். பேச்சு குழறினாலோ மயக்கம் வந்தாலோ 108.

பாம்புக்கும் அதே 108. கரைச் சரிவில் புல்லுக்குள் காலை விடாதீர்கள், மதகுக் கல் இடுக்கில் கையை ஊன்றாதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டு, கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரி. வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

7. கரை ஏறியபின்

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். நம் பக்கத்து நிலம் பெரும்பாலும் கிழக்கே சரிவதால் பல ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம் இருக்கும். காலையில் கரைமேல் நின்றாலே வெளிச்சம் சரியாக விழும். உங்கள் நிழல் தண்ணீர்ப் பக்கம் விழுந்தால் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். மாலையில் இது தலைகீழ்.

ஏரிக்குள் இறங்காதீர்கள். மேலே வெடித்துக் காய்ந்த மண் தெரியும், அடியில் சேறு இருக்கும். என் செருப்பு போனது அப்படித்தான். அதைவிட ஆபத்து, கோடையில் வண்டல் அள்ளிய குழிகள். ஒரு கோடை மழைக்குப் பிறகு குழியும் தரையும் ஒரே மட்டமாகத் தண்ணீரில் மூடிக் கிடக்கும். கணுக்கால் ஆழம் என்று நினைத்து அடுத்த அடி வைத்தால் ஆள் ஆழம்.

ஒரே இடத்தில் இருபது நிமிஷம் உட்காருங்கள். நடந்துகொண்டே இருந்தால் பறவைகள் உங்களுக்கு முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும்.

8. புதியவர்கள் தடுமாறும் இடங்கள்

வெள்ளைக் கொக்கு எல்லாம் ஒன்றல்ல, இதுதான் முதல் தலைவலி. மாட்டோடு திரிந்து, குட்டைக் கழுத்தும் மஞ்சள் அலகுமாக இருப்பது உண்ணிக்கொக்கு. கோடையில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகிவிடும். கருப்பு அலகு, கருப்புக் கால், பறக்கும்போது மஞ்சள் பாதம் தெரிந்தால் சின்னக்கொக்கு. "பெரிய கொக்குக்கு மஞ்சள் அலகு" என்று மனப்பாடம் செய்து போவீர்கள், அங்கே கருப்பு அலகோடு நிற்கும். இனப்பெருக்கக் காலத்தில் அதன் அலகு கருத்துவிடும். ஆகவே அலகை விட்டுவிட்டு உயரத்தையும் கழுத்தின் நடுவில் விழும் கோணலையும் பாருங்கள்.

மடையான் இன்னொரு ஏமாற்று. மண் நிறத்தில் கரையோரம் குந்தியிருந்த பறவைக்குக் கோடையில் முதுகு கருஞ்சிவப்பாகி, தலையிலிருந்து வெள்ளை இழைகள் தொங்கும். புது இனம் என்று குதித்தவர்களில் நானும் ஒருவன்.

தண்ணீரில் வெள்ளை நெற்றியோடு கருப்பாக மிதந்தால் நாமக்கோழி. அலகின் மேல் சிவப்பு என்றால் தாழைக்கோழி. கைக்குள் அடங்கும் அளவில், பக்கென்று முழுகி வேறிடத்தில் எழுந்தால் முக்குளிப்பான். இப்போது அதன் கழுத்து செம்பழுப்பாக இருக்கும். கழுத்து மட்டும் தண்ணீருக்கு வெளியே பாம்பு மாதிரி நீண்டால் பாம்புத்தாரா. குச்சி போன்ற இளஞ்சிவப்புக் காலில் நடந்தால் பவளக்காலி.

இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியை மட்டும் விடாமல் தேடுங்கள். அந்த நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்துக்கு மட்டும்தான். குளிர்காலத்தில் பார்த்தவர்கள் சொன்னால் நம்பமாட்டார்கள். முட்டையிட்டதும் பெட்டை அடுத்த சேவலைத் தேடிப் போய்விட, அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பாதான்.

மெர்லின் என்ற இலவச ஆப்பில் இந்தியப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள். கரையில் சிக்னல் தேடி நிற்க வேண்டியிராது. அது சொல்வது யோசனை, தீர்ப்பு அல்ல. அதிலுள்ள குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். கூடு கட்டும் காலத்தில் அது பறவைக்குப் பெரிய தொல்லை.

9. ஆள்காட்டிப் பறவை கத்தினால் நில்லுங்கள்

கோடையில் ஏரிக்குப் போகிறவர் தெரிந்திருக்க வேண்டிய ஒரே விஷயம் என்றால் இதைத்தான் சொல்வேன். ஆள்காட்டி, பவளக்காலி எல்லாம் வெறும் தரையில் முட்டையிடும். கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. தலைக்குமேல் வட்டமடித்து ஆள்காட்டி கத்தினால் ஏதோ ஒன்றின் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். அப்படியே நின்று, காலடியைப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்புங்கள். முட்டை எங்கே என்று தேடாதீர்கள். அந்த வெயிலில் தாய்ப்பறவை முட்டைக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருக்கும். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிரவைப்பதும் உண்டு. நீங்கள் படம் எடுக்கும் பத்து நிமிஷம் போதும், முட்டை வெந்துவிடும்.

முட்டையை எடுப்பதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்றே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சாலையோரம் கொக்கு, மடையான் கட்டி விற்பதைப் பார்த்தால் இரக்கப்பட்டு வாங்கி விடுவிக்காதீர்கள். அவர் நாளைக்கு இரண்டு மடங்கு பிடித்து வருவார். இடத்தையும் நேரத்தையும் குறித்து வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

10. வீட்டுக்கு வந்ததும் பட்டியல்

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இ-பேர்ட் ஆப்பில் கணக்கு தொடங்குங்கள். இலவசம். தொடங்கிய நேரம், எத்தனை நிமிஷம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எது எத்தனை என்று போடவேண்டும். எண்ணிக்கையைக் கரையிலேயே குறித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து யோசித்தால் நாற்பது நாமக்கோழி நூறாகிவிடும். இனம் தெரியாததைத் தெரிந்ததாகப் போடாதீர்கள், "ஏதோ ஒரு கொக்கு" என்று போடவும் அதில் இடமிருக்கிறது. கூட்டின் படமும் இடமும் மட்டும் யாருக்கும் அனுப்பவேண்டாம்.

மே இரண்டாம் சனிக்கிழமை வாக்கில் உலகம் முழுக்க ஒரே நாளில் பறவை எண்ணுவார்கள். அன்றைக்கு டிசம்பர் ஏரி மாதிரிப் பறவைக் கூட்டம் இருக்காது. ஐந்தரைக்குக் கரையில் இருங்கள், தண்ணீர் இரண்டு லிட்டர்.